இன்சூரன்ஸ் இருக்குல்ல மேடம்?

இந்த மாதத்தில் நாலாவது தடவையாக இந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்துவிட்டது. வருகிறவர்களிடம் தனித்தனியாகத் தொண்டை வற்றப் பேசுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மதுரையில் மோட்டார் வாகன விபத்து வழக்குகள் நடத்துகிறேன். கடைசியாக வந்த குடும்பம் செல்லம்பட்டிப் பக்கம். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனுக்கு இருபத்திரண்டு வயது. கப்பலூர் சிட்கோவில் வேலை கிடைத்தது. ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஊருக்குப் பஸ் கிடையாது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார், அக்கா கம்மலை அடகு வைத்தாள். முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு செகண்ட்ஸ் வண்டி வந்தது. டி.என். 57, திண்டுக்கல் வண்டி. ஐந்தாவது மாதம், இரவு பதினொன்றரைக்கு, செக்கானூரணி ரோட்டில் படுத்துக் கிடந்த எருமைக்கு ஒதுங்கப்போய்ப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதிவிட்டான். பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து பாலிசியை எடுத்து நீட்டினார். "இன்சூரன்சு கரண்ட்ல இருக்குன்னு வண்டி விட்டவுக சொன்னாக. நாங்களும் பாத்துட்டுத்தான் வாங்குனோம் வக்கீலம்மா."

உண்மைதான், கரண்ட்டில்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்த பெயர் பையனுடையது இல்லை. அவனுக்கு விற்றவருடையதும் இல்லை. அவருக்கும் முந்தி வண்டியை வைத்திருந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் பெயர். ஆர்.சி.யும், அதாவது வண்டியின் பதிவுச் சான்றும், அவர் பேரில்தான். அந்தப் பாலிசியிலிருந்து பையனுக்கு ஒரு ரூபாய் வராது என்பதைச் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

வண்டி பாலிசியில் எழுதியிருக்கிற இந்தத் 'தேர்ட் பார்ட்டி' என்பதை இன்றைக்கு உடைத்துப் பேசிவிடுவோம். மூன்றாவது ஆள் என்று பெயரிலேயே இருக்கிறது. அந்த மூன்றாவது ஆள் யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. பாலிசி என்பது ஒப்பந்தம். அதைப் போட்டது இரண்டு பேர்: வண்டிக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனி. இந்த இரண்டு பேரும் இல்லாமல் ரோட்டில் போகிற ஆள்தான் மூன்றாவது ஆள். உங்கள் வண்டி இடித்து ஒரு பெரியவர் விழுந்தால் அவருக்குக் கம்பெனி கொடுக்கும். ஒரு கடையின் கண்ணாடி நொறுங்கினால் கடைக்காரருக்குக் கொடுக்கும். நீங்களே விழுந்தால்? நீங்கள் மூன்றாவது ஆள் இல்லை. உங்கள் வண்டி நொறுங்கினால்? அது மூன்றாவது ஆளின் சொத்து இல்லை. இன்னொரு வண்டிக்காரர் தப்பாக வந்து இடித்திருந்தால் அவருடைய இன்சூரன்ஸில் கேட்கலாம். எருமைக்கு இன்சூரன்ஸ் கிடையாது. விபத்து நடந்த மறுநாள் 'அது என் எருமைதான்' என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததாக என் அனுபவத்தில் இல்லை.

'பின்னால உக்காந்து வர்ற ஃப்ரெண்டு மூணாவது ஆள்தானே மேடம்' என்று சில கெட்டிக்காரர்கள் மடக்குவார்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்து, நீங்களே வண்டியைக் கீழே போட்டால், பின்னால் சும்மா ஏறி வந்தவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேக்கேஜ் பாலிசி, அதாவது நீங்கள் ஃபுல் கவர் என்று சொல்வது இருந்தால்தான் அவருக்கு வழி. இல்லாவிட்டால் உங்கள் நண்பன் உங்கள் மேல்தான் கேஸ் போட வேண்டும். போட்டிருக்கிறார்கள். ஒரே தெருக்காரர்கள், இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

ஓட்டுகிற உரிமையாளருக்கென்று ஒன்று தனியாக இருக்கிறது. பி.ஏ. கவர் என்பார்கள், தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-இலிருந்து இது 15 லட்சம். இறந்தாலோ, கை கால்களில் இரண்டு போனாலோ முழுத் தொகை. ஒன்று போனால் பாதி. அந்தப் பையனுக்கு ஏழரை லட்சம் வந்திருக்கும். அது வருவதற்கு ஆர்.சி. அவன் பேரில் இருக்க வேண்டும், பாலிசி அவன் பேரில் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் இருந்தது. மற்ற இரண்டையும் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று விட்டிருக்கிறார்கள்.

'வண்டி கை மாறுனா இன்சூரன்ஸும் தன்னால மாறிரும்' என்று பழைய வண்டி வாங்கி விற்கிற கன்சல்டிங்கில் சொல்லி அனுப்புகிறார்கள். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவில் தானாக மாறுவது மூன்றாவது ஆளுக்கான பகுதி மட்டும். பி.ஏ. கவரும் ஓன் டேமேஜும், அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதியும், கூடவே ஓடி வராது. வாங்கிய 14 நாளைக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியைப் பேர் மாற்ற வேண்டும்.

புது வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் தருகிற தாளில் அந்த ஐந்து வருடம்தான் கண்ணில் படும். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரே வருடம், அது பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். மூன்றாவது வருடம் மாட்டுத்தாவணியில் நிறுத்திய வண்டி காணாமல் போனதும் அந்தத் தாளோடு என்னிடம் வருவார்கள். தாளைப் படிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். படித்துவிட்டு என்னையே முறைப்பார்கள்.

வாங்கியவர் பக்கம் இப்படி. விற்றவர் பக்கம் இதைவிட மோசம். வில்லாபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் வண்டியைத் தெரிந்தவர் மூலமாக விற்றார். பேர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களில் தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்திரத்தில் எழுதி வாங்கிய டெலிவரி நோட்டை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். வண்டி அதன்பிறகு யார் யார் கைக்கோ போய், கடைசியில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓர் அம்மாவை இடித்துவிட்டது. சம்மன் வில்லாபுரத்துக்கு வந்தது. "நான் அந்த வண்டியைக் கண்ணால பாத்தே ரெண்டு வருஷமாச்சும்மா" என்கிறார். சட்டத்துக்கு அது தேவையில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பல கை மாறிய ஒரு கார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு, அடிபட்டவர் வண்டி போன வழியெல்லாம் ஆளைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அடிபட்டவருக்கு வாதாடும்போது இந்தத் தீர்ப்பை நானே தூக்கிக்காட்டுவேன். இந்த முறை எதிர்த்தரப்பு வக்கீல் காட்டுகிறார்.

சரி, கையில் நாற்பதாயிரம் இருக்கிறது, முதல் வண்டி வாங்க வேண்டும். நாற்பதாயிரத்துக்கும் வண்டி பார்க்காதே தம்பி. முப்பத்திரண்டுக்குப் பார். மீதி பேர் மாற்றத்துக்கு, பாலிசிக்கு, டயருக்கு, ஹெல்மெட்டுக்கு. 75-லிருந்து 150 சி.சி. வரை தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் வருடத்துக்கு 714 ரூபாய் என்று வைத்தார்கள், வரி தனி. பி.ஏ. கவருக்கு அதற்கு மேல் கொஞ்சம். ஆன்லைனில் போடும்போது 'பி.ஏ. வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒரு கட்டம் வரும். சில ஏஜெண்டுகள் விலையைக் குறைத்துக் காட்ட உங்களைக் கேட்காமலே அதில் டிக் போட்டுவிடுகிறார்கள். பாலிசி கைக்கு வந்ததும் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

இன்ஜின் சத்தம், புகை, செயின் எல்லாம் உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும், எனக்குத் தெரியாது. நான் பார்க்கச் சொல்வது செல்போனில். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். எதிரே நிற்கிறவர்தான் ஓனரா, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் நிற்கிறதா என்று பாருங்கள். ஃபைனான்ஸ் என்று காட்டினால், கடன் முடிந்தது என்று ஃபைனான்ஸ்காரர் தருகிற என்.ஓ.சி.யும் 35-ஆம் ஃபார்மும் கையில் வராமல் பணம் எண்ணாதீர்கள். 'டியூ எல்லாம் முடிஞ்சுருச்சுண்ணே, லெட்டர் மட்டும் வரணும்' என்றால் லெட்டர் வந்த பிறகு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான். பதினாலு வயது வண்டி சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் அடுத்த வருடமே ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்கிற செலவு உங்கள் தலையில்.

பேர் மாற்றத்துக்கு விற்றவர் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதுரையில் 58, 59, 64 என்று மூன்று பதிவு எண்கள். உங்கள் வீடு எந்த அலுவலகத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கன்சல்டிங்கில் வாங்கினால், 'நாங்களே மாத்தித் தந்துருவோம்' என்ற பேச்சுக்குக் கடைசி ஐயாயிரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆர்.சி. உங்கள் பேரில் வந்த அன்று கொடுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் விதியே வந்துவிட்டது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முறைத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்பா வண்டியை எடுத்துக்கொண்ட பையன்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா தவறிவிட்டார், வண்டி இன்னும் அவர் பேரில் என்றால் அதற்கும் கெடு இருக்கிறது. 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் பேர் மாற்ற 31-ஆம் ஃபார்ம். அப்பா பேரில் ஓடுகிற பாலிசி உங்கள் காலுக்குப் பணம் தராது.

எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாதமாக வேலைக்குப் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். எல்.எல்.ஆர். ஓட்டிப் பழகுவதற்கு. பின்னால் நண்பனை ஏற்றக்கூடாது. லைசென்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்தால் பெரும்பாலும் என்ன ஆகும் தெரியுமா? கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூல் பண்ண ஆர்டர் வாங்கும். 'பே அண்ட் ரிகவரி' என்று கோர்ட்டில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவோம். வீட்டை ஜப்தி செய்ய ஆள் வரும்போது அது சாதாரணமாக இருக்காது.

ஹெல்மெட் பற்றி எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை, வாரை மாட்டு. மாட்டாத ஹெல்மெட் ரோட்டில் உருண்டு கிடக்கிற போட்டோக்கள் என் கேஸ் கட்டுகளில் நிறைய. ஹெல்மெட் போடவில்லை என்று தெரிந்தால் இழப்பீட்டில் குறைக்கச் சொல்லி எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். நானும் அந்தப் பக்கம் இருந்தால் கேட்பேன்.

ராத்திரி ஷிப்ட் பிள்ளைகளிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ரிங் ரோட்டில் லைட் எதுவும் போடாமல் நிற்கிற லாரி உங்கள் ஹெட்லைட்டுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் ரோட்டிலேயே தானியம் காயப்போட்டுச் சுற்றிக் கல்லை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். தானியத்தை அள்ளுகிறவர்கள் கல்லை அள்ளுவதில்லை. மாடு இருட்டில் நகராது. நாற்பதில் போனால் இதையெல்லாம் பார்த்து நிறுத்தலாம். வீட்டுக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனால் அம்மா திட்டுவார், அவ்வளவுதான்.

வண்டி விற்றவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பழைய வண்டி நம்பரை அந்தச் செயலியில் போட்டுப் பாருங்கள். பெயரை முழுசாகக் காட்டாது, சில எழுத்தும் நடுவில் நட்சத்திரக் குறியுமாக வரும். அந்த எழுத்துகள் உங்கள் பெயராகத் தெரிந்தால் வாங்கியவரைத் தேடிப் பிடியுங்கள், கையோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆள் கிடைக்கவில்லையா, எந்தத் தேதியில் யாருக்கு விற்றேன் என்று டெலிவரி நோட்டின் நகலோடு ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதனால் பொறுப்பு முழுசாகப் போய்விடாது. ஆனால் கோர்ட்டில் உங்களுக்காக எழுந்து நிற்கிற வக்கீலுக்குக் காட்ட ஒரு தாளாவது இருக்கும். ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் தொலைத்துவிடாதீர்கள்.