வயிறு நிறைந்தும் வளராத பிள்ளை

"ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சிட்டான், வயிறு நிறைஞ்சிடுச்சு." பத்து மாதப் பிள்ளையைப் பற்றி அம்மாக்கள் இப்படிச் சொல்வது உண்மைதான். எட்டு கிலோ குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது ஏறத்தாழ 240 மில்லி. ஒரு டம்ளரிலேயே அது நிறைந்துவிடும். ஆனால் டம்ளருக்குள் என்ன இருந்தது?

200 மில்லி தண்ணீரில் 10 கிராம் மாவு போட்டுக் காய்ச்சினால் சுமார் 35 கலோரிதான் கிடைக்கும். அந்த வயதில் தாய்ப்பால் போக, உணவிலிருந்து மட்டும் நாளுக்கு 300 கலோரி வேண்டும். சரி, மாவைக் கூட்டலாமே? கூட்டினால் கஞ்சி களியாக இறுகிவிடும், பிள்ளை விழுங்காது. சூட்டில் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்வதால் வரும் வினை இது. அதனால்தான் தண்ணீரை ஊற்றி ஊற்றி நீர்க்கவிடுகிறோம்.

இதற்கான விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு. முளை விடும் தானியம், தன் மாவுச்சத்தை உடைத்துத் தின்ன அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் ஒரு சிட்டிகையை, கொதி அடங்கிய கெட்டிக் கஞ்சியில் கலக்கிப் பாருங்கள். சில நிமிடங்களில் அது இளகிவிடும், கலோரி குறையாது. பிறகு இன்னொரு முறை கொதிக்கவிட்டுக் கொடுக்க வேண்டும். மாவைச் சிவக்க வறுத்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும், இளஞ்சூடே போதும். முளைகட்டும்போது பைட்டேட்டும் குறைகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் தடுப்பது அதுதான்.

ஆனாலும் தானியம் மட்டும் போதாது. எலும்பு நீண்டு வளர, புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்கள் அத்தனையும் சேர்ந்து வேண்டும்; ஒன்று குறைந்தாலும் உடல் புரதம் கட்டுவதைச் சுருக்கிக்கொள்ளும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்புச் சாதத்தை மசித்துக் கொடுத்த பாட்டிகள் அந்தக் குறையைத்தான் நிரப்பினார்கள்.

முட்டையில் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாமே உண்டு. ஈக்வடாரில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, வளர்ச்சி குன்றல், அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, 47 சதவீதம் குறைந்தது. அப்புறம் மலாவியில் இதையே செய்தபோது உயரத்தில் மாற்றம் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே மீன் சாப்பிட்டு வந்தவர்கள்.