மழைக்கு முன்னால் மாடிக்கு ஏறுங்கள்

புதுச்சேரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "வருஷா வருஷம் வந்து படம் எடுக்கறீங்க, சரி. மாடி ஒழுகுதே, அதுக்கு யாராச்சும் ஒரு வழி சொன்னீங்களா?"

அன்று நாங்கள் முப்பது பேர், பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடக்கும் பாரம்பரிய நடை போய்க்கொண்டிருந்தோம். நவம்பர் மாதம். தாழ்வாரத்து மரத்தூண்களைப் பற்றியும் மேல்மாடியின் வளைவு ஜன்னல்களைப் பற்றியும் நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். அப்படியிருந்தும் அந்தக் கேள்வியை அவர் கேட்ட பிறகுதான் நான் மாடிக்குப் போனேன். மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகும் ஒரு பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டிருந்தன. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கையை விட்டு எடுத்தேன், ஐந்து நிமிட வேலை.

உலகப் பாரம்பரிய வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை. ஓவியப் போட்டி, தெரு நடை, கண்காட்சி எல்லாம் அப்போதுதான் நடக்கும். தன்னார்வலர்களும் அப்போதுதான் சேர்வார்கள். ஆனால் நம் கடற்கரையில் அது வடகிழக்குப் பருவமழையின் நடுக்காலம். வீட்டுக்கு உதவி தேவைப்பட்ட நாட்கள் அதற்குள் கடந்துபோயிருக்கும். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபம், 2014 நவம்பர் கடைசியில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அரசுக் கட்டடம் என்பதால் அதற்கு நிதி கிடைத்தது. தமிழர் பகுதியில் விழும் ஒரு வீட்டை அப்படி யார் திரும்பக் கட்டப் போகிறார்கள்?

ஒழுகலை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்த வீடுகளின் கூரை அப்படிப்பட்டது. மெட்ராஸ் டெரஸ் என்போம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரக்கட்டைகள். அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், குறுக்குச்சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், கடைசியில் தட்டையான ஓடு (தட்டோடு). நன்றாகப் பார்த்துக்கொண்டால் நூறு ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். ஆனால் தண்ணீர் தேங்கினால் கைப்பிடிச் சுவரின் ஓரமாகத்தான் இறங்கும். உத்தரக்கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடமும் அதுதான். முனை உள்ளே உளுத்துப்போவது கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. போதாததற்குத் தண்ணீரின் எடை. முப்பது சதுர மீட்டர் மாடியில் பத்து சென்டிமீட்டர் நின்றால் மூன்று டன்! ஏற்கெனவே முனை உளுத்த கட்டை அதைத் தாங்குமா?

ஆகவே பாரம்பரியக் குழுக்களில் சேர விரும்பும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்க முடியுமா என்பதுதான். மாடியைக் கூட்ட வேண்டும். குழாய் வாயைச் சுத்தம் செய்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது தெருவில் வந்து விழுகிறதா என்று கீழே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் காக்கை போட்ட விதையில் முளைத்த அரசும் ஆலும் இருக்கும். அவற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. வேர் செங்கல் இடுக்கில் பரவியிருக்கும், இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். சுவரை ஒட்டித் தண்டை மட்டும் வெட்டிவிட்டு இடத்தைக் குறித்து வையுங்கள், வேரை எடுத்துச் சுண்ணாம்பு வைத்து அடைப்பது மேஸ்திரியின் வேலை. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இருபது பேர் மாடியில் ஏறாதீர்கள். இரண்டு பேர் போதும். சுவரை ஒட்டியே நடங்கள், கைப்பிடிச் சுவரில் சாயாதீர்கள். குழந்தைகளுக்குக் கீழே வேறு நல்ல வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இனி, எனக்கு வலி தரும் ஒரு விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தன்னார்வக் குழு ஒரு பழைய வீட்டின் முகப்பை அழகுபடுத்தியது. நல்ல பிள்ளைகள், சொந்தக் காசைப் போட்டார்கள். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, கீழ்ச்சுவரில் பெயர்ந்திருந்த இடங்களில் சிமென்ட் பூசி, மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்தார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் அவர்கள் ஆர்வத்தைக் கெடுக்க மனமில்லாமல் மெதுவாகச் சொல்லிவிட்டேன். இரண்டு மழைக்காலம் போனது. சிமென்ட் பட்டை அப்படியே இருந்தது. அதற்கு மேலே, மார்பளவு உயரத்தில், சுவர் வெள்ளையாகப் பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது.

காரணம் எளிது. போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல், இங்கிலாந்தில். நம் பழைய வீடுகள் சுண்ணாம்பால் கட்டப்பட்டவை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்த சாந்து அது. பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகும். அதற்குள் நுண்துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் நிற்காது, மேலே ஏறும். கடலோர ஊரில் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். அது எங்கே காய்கிறதோ அங்கே படிகமாகி, பூச்சையும் செங்கல்லையும் உள்ளிருந்தே உடைக்கும். பூச்சு பெயர்ந்த சுவரை அப்படியே விட்டிருந்தால் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும்.

அதனால் எங்கள் வேலை நாட்களில் சிமென்ட், ஆசிட், வயர் பிரஷ் மூன்றுக்கும் இடமில்லை. அதற்குப் பதிலாக ஒரு ரூபாய் நாணயம். சுவரை அதன் விளிம்பால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பூச்சு சுவரோடு ஒட்டியிருந்தால் 'டக், டக்' என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே விட்டுப்போயிருந்தால் 'பொத்' என்று காலிப் பானையைத் தட்டியதுபோல இருக்கும். அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம். குழந்தைகளுக்கு நான் வைத்திருந்த வேலை இதுதான். பெரியவர்களைவிடக் காதைக் கூர்மையாக வைத்துக்கொள்கிறார்கள். பிறகு மேஸ்திரி வந்து வட்டத்துக்குள் மட்டும் கொத்திப் பூசினால் போதும். மொத்தச் சுவரையும் பெயர்க்க வேண்டியதில்லை, வீட்டுக்காரருக்குச் செலவும் குறையும்.

விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழைக்கு முன் ஒரு படம், தையில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே ஒரு பொறியாளரைக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட உதவியான பொருள் வேறு இல்லை. ஒரு வீட்டுக்கு நான் ஆண்டுக்கு ஒருமுறை போனாலே அதிகம். அந்தத் தெருவில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நடைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டில் கீழே தமிழ் மரத்தூண்களையும் மேலே ஐரோப்பிய பாணித் தூண்களையும் ஒருசேரப் பார்த்தவருக்கு, இந்த ஊர் எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வைசியாள் வீதியில் ஒரு வரிசை வீடுகளின் முகப்புகளைச் சேர்த்துச் சீரமைத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. தெருவாகச் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் போகும்போது ஒன்று நினைவிருக்கட்டும். திண்ணை வழிப்போக்கருக்கானது. முற்றம் அந்தக் குடும்பத்துக்கானது. கேட்காமல் நிலைப்படி தாண்டாதீர்கள், துணி காய்வதைப் படம் எடுக்காதீர்கள்.

இந்த வீடுகள் அக்கறை இல்லாததால் விழுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரை பாகப்பிரிவினை முடியாமல்தான் அதிகம் விழுகின்றன. எட்டு வாரிசு, மூன்று நாடு, யார் செலவு செய்வது என்ற கேள்விக்குப் பதில் வருவதற்குள் உத்தரம் இறங்கிவிடும். அதைத் தன்னார்வலர்கள் தீர்க்க முடியாது. ஆனால் நாணயம் தட்டிய வட்டங்களின் படங்களும் விரிசலின் தேதிகளும் மேஸ்திரி சொன்ன தொகையும் ஒரே தாளில் இருந்தால், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கும் புரியும். இரண்டு வீடுகளில் அந்த ஒரு தாள்தான் பேச்சைத் தொடங்கி வைத்தது.

பாட்டி வீட்டு மாடியை இப்போது மழைக்கு முன்பே பார்த்துவிடுகிறோம். உளுத்த மூன்று கட்டைகளை மாற்றியாகிவிட்டது, நான்காவதைக் கவனித்து வருகிறோம். இந்தப் புரட்டாசிக்கு வருபவர்கள் ஒரு துடைப்பம், ஒரு கோணிப்பை, சாக்பீஸ், ஒரு ரூபாய் நாணயம் கொண்டுவாருங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கிவிடுவோம், வெயில் ஏறினால் மாடியில் நிற்க முடியாது.