டிஎல்சி: இணைப்பா, விரிவாக்கமா, சார்ப்பா?

போன வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகக் குடியாத்தத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "மாமா, போகிமானுக்கு ஒரு டிஎல்சி வாங்கித் தர்றீங்களா?" என்று அக்கா மகன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், லேபில் வேலை பார்க்கும் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உனக்கு எதுக்குடா டிஎல்சி? காய்ச்சலா?"

ஆஸ்பத்திரி ஊர்க்காரர்களான எங்களுக்கு இந்த மூன்றெழுத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டில்தான் அறிமுகம். வெள்ளையணுக்களில் எந்த வகை எவ்வளவு என்ற கணக்கு அது. பையன் கேட்டது வேறு: ஜந்துக்களைப் பிடித்து வளர்க்கும் போகிமான் வீடியோ விளையாட்டுக்கான டிஎல்சி. 'டவுன்லோடபிள் கன்டென்ட்' என்பதன் சுருக்கம்: ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் விளையாட்டோடு பின்னால் இணையம் வழியாக இறக்கிச் சேர்த்துக்கொள்ளும் புதிய பகுதி. முன்பு கணினி விளையாட்டுகளுக்கு இதே சரக்கு தனி சிடியாக, அட்டைப்பெட்டியில் வந்தது. அப்போது அதன் பெயர் 'எக்ஸ்பான்ஷன் பேக்'. பெட்டி போய் இணையம் வந்ததும், பொருள் என்ன என்பது போய், அது வந்து சேரும் வழியே பெயராகிவிட்டது. தபாலில் வந்த சேலையைத் 'தபால்' என்று கூப்பிடுவது போல.

தமிழில் இதைப் 'பதிவிறக்க உள்ளடக்கம்' என்கிறார்கள். பதிவிறக்கத்துக்குப் பதில் 'தரவிறக்கம்' போடுபவர்களும் உண்டு. இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் ஆங்கிலப் பெயரின் கோளாறு அப்படியே கூட வந்துவிட்டது. அப்புறம், இதைச் சொல்லி எந்தப் பையனும் மாமாவிடம் காசு கேட்க மாட்டான்.

எக்ஸ்பான்ஷனுக்கு நேர்ச்சொல் 'விரிவாக்கம்'. அதன் இலத்தீன் வேருக்கும் விரித்தல், பரப்புதல் என்றே பொருள். தமிழில் பாயை விரிக்கிறோம், கடை விரிக்கிறோம், சாலையை விரிவாக்குகிறோம். இதிலெல்லாம் ஏற்கெனவே இருக்கும் பொருள்தான் அகலமாகிறது. விளையாட்டில் நடப்பது அதுதானா? உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அவன் கேட்டது, 2022 நவம்பரில் வெளிவந்த போகிமான் ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளுக்கான கூடுதல் பகுதி. இரண்டு தவணையாக வந்தது: 2023 செப்டம்பரில் 'டீல் மாஸ்க்', டிசம்பரில் 'இண்டிகோ டிஸ்க்'. முதலாவதில் கிட்டகாமி என்ற கிராமப்புறப் பகுதிக்குப் போகிறோம். ஊரைக் காப்பாற்றி உயிர்விட்ட மூன்று வீரர்களையும் அவர்களை எதிர்த்த ஓர் அரக்கனையும் பற்றி அங்கே ஒரு பழங்கதை. அந்த மூவர் நாய், குரங்கு, காட்டுக்கோழி சாயலில் இருப்பார்கள். ஜப்பானியக் குழந்தைகள் கேட்டு வளரும் மொமொத்தாரோ கதையில் வீரனோடு போகும் அதே கூட்டணி. போகப் போகக் கதை தலைகீழாகிறது. அரக்கன் எனப்பட்ட ஓகர்பான்தான் நியாயமான ஆள், வீரர்கள் திருடர்கள்.

அந்த ஓகர்பானிடம் நான்கு முகமூடிகள் உண்டு. ஒன்றைப் போட்டால் அதன் சக்தி புல் வகை மட்டும். மற்ற மூன்றில் புல்லோடு நீரோ, நெருப்போ, பாறையோ சேர்ந்துகொள்ளும். இங்கே 'முகமூடி' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. எதையும் மூடி மறைக்கிற முகமூடி இல்லை இது. அன்று காலையில்தான் முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு ஊர்வலமாக வந்து உடலில் பொருத்தப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சிரசு ஏறினால் வேறு சக்தி. ஓகர்பானுக்கும் கணக்கு அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் தவணையில் புளூபெர்ரி அகாடமி என்று கடலில் ஒரு பள்ளி, 'ஸ்டெல்லர்' என்று புதிய டெரா வகை (சண்டை நடுவே போகிமான் தற்காலிகமாக மாறிக்கொள்ளும் சக்தி வகை), நாமே போகிமானாக மாறி நடமாட ஒரு கருவி. கூடவே, அதுவரை காற்றில் மிதந்து இறங்க மட்டுமே தெரிந்த நம் வாகனப் போகிமான் நிஜமாகவே பறக்கக் கற்றுக்கொள்கிறது. பழைய நிலமான பால்டியாவுக்குத் திரும்பினாலும் பறக்கலாம். ஆக, புதுப்பகுதி ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, பழைய வீட்டையும் மாற்றிவிடுகிறது.

நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் நூலின் முடிபை ஒத்துப் போய், தான் வேண்டும் மாற்றங்களைச் சொல்வது வழிநூல். போகிமானில் முன்பு இந்த வழக்கம்தான் இருந்தது. கிரிஸ்டல், எமரால்ட், பிளாட்டினம் எல்லாம் அதே கதையைச் சில மாற்றங்களோடு முழுசாகத் திருப்பிச் சொன்ன தனி விளையாட்டுகள். முழு விலையும் கொடுக்க வேண்டும். முதன்மைத் தொடரில் அந்த வழக்கத்தை விட்டு, கூடுதல் பகுதியை மட்டும் விற்கத் தொடங்கியது 2020இல், சுவோர்ட், ஷீல்ட் விளையாட்டுகளில். சுவோர்டுக்கு வாங்கியது ஷீல்டில் ஓடாது. முதல் விளையாட்டு இல்லாமல் சல்லிக்காசு பெறாத சரக்கு. இது வழிநூல் இல்லை. சார்பு நூலுக்குப் 'புடைநூல்' என்றும் பெயர் உண்டு. புடை என்றால் பக்கம். நன்னூல் சொல்லும் இலக்கணம் முழுக்கப் பொருந்தாவிட்டாலும், பக்கத்தில் சார்ந்து நிற்பது என்ற படிமம் அப்படியே பொருந்துகிறது.

அக்கா வீட்டுப் பின்பக்கம் தகரத்தில் ஒரு சாய்ப்பு உண்டு. சில ஊர்களில் சார்ப்பு என்பார்கள். வீட்டுச் சுவரைச் சார்ந்து நிற்கும். வீடு இல்லாவிட்டால் அது இல்லை. அதைக் 'கட்டினோம்' என்று சொல்வதில்லை, 'இறக்கினோம்' என்போம். டவுன்லோடுக்குத் தமிழ் கண்டுபிடித்ததும் அதே வினை!

என் தீர்ப்பு இது. புது உடை, புது நிறம் மாதிரிச் சில்லறைச் சேர்ப்புகளுக்கு, வார இதழோடு வரும் இணைப்பைப் போல, 'இணைப்பு' போதும். நிலமும் கதையுமாக வருவதை அச்சில் 'விரிவாக்கம்' என்றே எழுதலாம்; பழகிவிட்டது, தப்பில்லை. டிஎல்சி என்ற பொதுப்பெயருக்கு என் ஓட்டு 'சார்ப்பு'.

கூடவே வரும் 'மெக்கானிக்ஸ்' (விளையாட்டு எந்த விதிகளில் இயங்குகிறது என்பது) என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊரில் பைக் பட்டறைதான் நினைவுக்கு வரும். 'ஆட்டமுறை' எளிது. ஈழத்தமிழர் வழக்கிலுள்ள 'பொறிமுறை'யும் நல்ல சொல். எலிப்பொறி வைப்பது போல ஜந்துக்களைப் பிடிக்கிற விளையாட்டுக்கு இன்னும் பொருத்தம்.

கடைசியில் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் அவன் அந்தத் தகரச் சாய்ப்பின் கீழே உட்கார்ந்திருந்தான். வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கேதான்.

"என்னடா, சார்ப்பு இறங்கிடுச்சா?" என்று கேட்டேன்.

"பாதி இறங்கியிருக்கு மாமா."