உணர்ச்சி ‘அங்கீகாரம்’ என்னும் பிழை

டவுன் நோய்க்குறியுடன் (கற்றலையும் பேச்சையும் தாமதப்படுத்தும் பிறவி நிலை) பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கென அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றில் ‘உணர்ச்சி அங்கீகாரப் பயிற்சி’ என்னும் தொடரை அண்மையில் மறுபடியும் கண்டேன். அதைப் படித்த தாய் ஒருவர், பிள்ளை அழுதால் அதட்டாமல் அந்த அழுகையை ஏற்றுக்கொள்வதுதான் பயிற்சி என்று எண்ணியிருந்தார். அவர் தமிழைச் சரியாகவே படித்திருக்கிறார், பிழை எழுதியவருடையது. பிறருடைய முகத்தையும் குரலையும் கொண்டு அவர் மகிழ்கிறாரா, சினக்கிறாரா, அஞ்சுகிறாரா என்று பிள்ளை தெரிந்துகொள்வதைத்தான் அந்த அறிக்கை சொல்ல வந்தது.

ஆங்கிலத்தில் இதை ‘இமோஷன் ரெகக்னிஷன்’ என்பர். ‘ரெகக்னிஷன்’ என்பதன் இலத்தீன் வேர் மீண்டும் அறிதலைக் குறிக்கும். ஏற்பளித்தல் அச்சொல்லின் இன்னொரு கிளைப்பொருள். அங்கீகாரம் என்னும் வடசொல்லிலோ தனதாக ஏற்றுக்கொள்ளுதல் மட்டுமே உண்டு, அறிதல் இல்லை.

அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி என்கிறோம். அங்கே சொல் பொருந்துகிறது. கைப்பேசியில் ‘முக அங்கீகாரம்’ என்று எழுதத் தொடங்கியபோதே வழுக்கியது, ஆனால் முகத்தை அடையாளம் கண்ட கருவி உடனே திறந்து அனுமதியும் தந்துவிடுவதால் பிழை வெளியே தெரியவில்லை. அஞ்சிய முகத்தைப் பார்க்கும் குழந்தை எந்த அச்சத்துக்கும் அனுமதி வழங்குவதில்லை. அகராதியில் முதலில் தென்பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த வாக்கியம் யாரிடம் போய்ச் சேரும் என்று எண்ணிப் பாராத மொழிபெயர்ப்புகள் பெருகிவிட்டன.

இத்துறையில் சொல் துல்லியமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. மனவளர்ச்சி நிலையில் ஒத்த பிற குழந்தைகளோடு ஒப்பிட்ட சில ஆய்வுகளில், டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகள் பிறர் முகத்தில் மகிழ்ச்சியை எளிதாகக் கண்டுகொண்டாலும் அச்சத்தைக் கண்டுகொள்வதில் தடுமாறியது பதிவாகியுள்ளது. பொதுவாக இவர்களுக்குப் பேச்சைப் புரிந்துகொள்வதைவிடப் பேசுவது கடினம் என்பதால், ‘இவர் முகத்தில் என்ன உணர்ச்சி?’ என்று கேட்டு விடை வராவிட்டால் அறியவில்லை என்று முடிவுகட்ட முடியாது. நாய் துரத்திய சிறுவனின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லி, நான்கு படங்களில் ஒன்றை எடுத்துத் தரச் செய்தால் அதே குழந்தை சரியான படத்தை எடுத்துத் தரக்கூடும். கண்ணால் கண்டு கற்பது இவர்களில் பலருக்கு ஒப்பளவில் எளிது என்பதால், கண்ணாடி முன்னும் குடும்பப் படங்களை வைத்தும் வீட்டிலேயே இதைப் பழக்கலாம். அறிதல் வேறு, பெயர் சொல்லுதல் வேறு. ‘அங்கீகாரம்’ இவ்விரண்டையும் மறைத்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது.

இலங்கைத் தமிழர் வழங்கும் ‘இனங்காணல்’ இதைவிட எவ்வளவோ மேல். எனினும் அதில் வகைபிரித்துப் பெட்டியில் போடும் தொனி இருக்கிறது. ஆறு உணர்ச்சிப் படங்களை வைத்து நடத்தும் சோதனைக்கு அது பொருந்தும், அம்மாவின் முகவாட்டத்தைக் கண்டு அருகில் வந்து அமரும் பிள்ளைக்குப் பொருந்தாது. ‘மெய்ப்பாடு’ என்பார் உளர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை வகுத்த தொல்காப்பியச் சொல் அது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை அதைவிடச் செறிவாகச் சொல்ல இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று அது செய்யுள் நயம் பேசுவோரிடம் மட்டுமே புழங்குகிறது, துண்டறிக்கை படிக்கும் பெற்றோரிடம் இல்லை.

எஞ்சுவது குறிப்பறிதல். திருக்குறளில் 71ஆம் அதிகாரத்துக்கும் 110ஆம் அதிகாரத்துக்கும் இதுவே பெயர். முன்னதில் அமைச்சர் அரசனின் உள்ளத்தை முகத்தில் படிக்கிறார், பின்னதில் காதலர் ஒருவரையொருவர் கண்ணில் படிக்கின்றனர். ‘குறிப்பறிந்து நடந்துகொள்’ என்று இன்றும் வீட்டில் பெரியவர்கள் சொல்வதால், சொல் உயிரோடும் இருக்கிறது. பிறருடைய குறிப்பைத்தான் அறிய முடியும் என்பதால், யாருடைய உணர்ச்சி என்ற குழப்பத்துக்கும் இடமில்லை. குறிப்பு என்றவுடன் சமையல் குறிப்பும் குறிப்பேடும் நினைவுக்கு வரும் என்று ஒருவர் மறுக்கலாம். அதற்காகவே ‘உணர்ச்சிக் குறிப்பறிதல்’ என்று அடையோடு எழுதுகிறேன், படத்துக்குப் பெயர் சொல்லச் செய்யும் பயிற்சியை ‘உணர்ச்சிப் பெயர் கூறல்’ என்று தனியே வைக்கிறேன்.