காசு கொடுத்துக் கடந்த தெரு

நகரத் தெருக்களுக்கு மழைநீர் வடிகால் வடிவமைப்பது என் வேலை. அதனாலோ என்னவோ, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சின்ன ஓவியம் என் மனதை விட்டுப் போவதே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயி லெயோபோல் புவாயி வரைந்தது. பரபரப்பான பாரிஸ் தெருவில் மழை கொட்டுகிறது. நன்றாக உடுத்திய ஒரு குடும்பம், குழந்தைகளோடு, வெள்ளத்தின் குறுக்கே போட்ட பலகை மேல் ஏறித் தெருவைக் கடக்கிறது. பலகை போட்டவருக்குக் காசு தர வேண்டும். 'காசு கொடு, கடந்து போ' என்றே இந்த ஓவியத்துக்கு இன்னொரு பெயர் உண்டு.

மழைக்குத் தெரு ஏன் ஆறானது? அன்றைய பாரிஸ் தெருக்கள் இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் நடுவை நோக்கிச் சரிந்திருந்தன. நட்டநடுவே சாக்கடை. மழைநீர், குதிரைச் சாணம், வீட்டுக் கழிவு எல்லாம் அதில்தான். சுவரோரம் மட்டும்தான் மேடு. 'தெருவின் மேட்டைப் பிடித்தவர்' என்றால் பிரெஞ்சில் இன்றும் செல்வாக்குள்ளவர் என்று பொருள்.

1832இல் காலரா வந்து பாரிஸில் சுமார் 18,000 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு நகர நிர்வாகத்துக்கு வந்த ரம்புத்தோ காலத்தில் தெருக்களின் சரிவைத் திருப்பிப் போட்டார்கள்: நடு மேடு, ஓரங்களில் ஓடை, நடைபாதை. பெரிய நிலத்தடிச் சாக்கடைகள் 1850களுக்குப் பிறகு பெல்கிராண்ட் என்ற பொறியாளர் கட்டியவை.

அந்த நடு மேட்டைத்தான் நாங்கள் கேம்பர் என்கிறோம். மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் சரிவு, அவ்வளவுதான். அதன் பயனைக் கெடுப்பது ரொம்ப சுலபம்: ஓரத்துக்கு வந்த தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் வாயை அடைத்தாலே போதும்.

ஒரு தெருவில் மழை விட்டு மூன்று மணி நேரமாகியும் முழங்கால் அளவு தண்ணீர். வடிகாலைத் திறந்து பார்த்தால் உள்ளே பாதிகூட நிரம்பவில்லை! ஒரு வீட்டு வாசலில் கார் ஏறப் போட்ட சாய்தளத்தின் ஓரத்தைக் கடப்பாரையால் உடைத்தோம். தண்ணீர் இறங்க வேண்டிய வாய்க்குள் சிமென்ட் கலவை இறுகிக் கிடந்தது, கூடவே இரண்டு டைல்ஸ் துண்டுகள். அவற்றைப் பெயர்த்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

சாய்தளம் போடும்போது அந்த வாயை மூடாதீர்கள். சாலை புதிதாகப் போட வந்தால், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். மேல் மேலே போட்டால் சாலை உயரும், உங்கள் வாசல் பள்ளமாகும். அப்புறம், அடுத்த மழையில் குடையோடு பத்து நிமிடம் தெருவில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று வீடியோ எடுத்து வையுங்கள். நான் ஆய்வுக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.