மெல்லிஃப்ளுவஸ் பாயசம்: ஒரு இங்கிலீஷ் வார்த்தை மனசுல எப்படி வேர் புடிக்குது?

போன மாசம் எங்க அக்கா பொண்ணு ஒரு நோட்டைத் தூக்கிட்டு வந்தா. கும்பகோணத்துல ஃபர்ஸ்ட் இயர் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிறா. "அம்மா வச்ச பாயசம் மெல்லிஃப்ளுவஸா இருந்துச்சு"ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கா, அதுக்குக் கீழ செவப்பு மையில ஒரு சுழி, ஏன் தப்புன்னு ஒரு வார்த்தை எழுதல. "டிக்‌ஷனரில தேன் மாதிரி இனிமையானதுன்னு தானே மாமா போட்டிருக்கு, பாயசம் இனிப்பு தானே, அப்புறம் என்ன தப்பு?"ன்னு கேக்குறா.

ரொம்ப நியாயமான கேள்வி. லத்தீன்ல மெல்னா தேன், ஃப்ளுஎரேன்னா ஒழுகுறது, ரெண்டும் சேந்து தேனொழுகுறதுன்னு அர்த்தம். 15ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷுக்குள்ள வந்துடுச்சு. ஃப்ளூயன்ட், ஃப்ளூயிட், அஃப்ளூயன்ட், சூப்பர்ஃப்ளுவஸ் எல்லாம் அந்த ஒழுகுற வேர்லேர்ந்து வந்ததுதான், கல்லணைக்கு வந்த தண்ணி காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம்னு பிரிஞ்சு போற மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயிடுச்சு. ஆனா இந்த வார்த்தையில இருக்குற தேன் இப்ப நாக்குக்கானது இல்ல, காதுக்கானது. குரல், இசை, பேச்சு, படிக்கும்போது ஓசை நல்லா ஓடுற உரைநடை, இதுங்க கூடத்தான் அது பொழங்கும். 12ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த பெர்னார்டுங்கிற துறவிக்கு தேனொழுகும் ஆசான்னு இதே லத்தீன் வார்த்தையில ஒரு பட்டமே உண்டு.

காதுக்குன்னாலும் எல்லா சத்தத்துக்கும் போட முடியாது. திருவிடைமருதூர்ல பொறந்த மாலி வாசிச்ச புல்லாங்குழல் மெல்லிஃப்ளுவஸ், தாராளமா சொல்லலாம். அதே கச்சேரில ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் எவ்வளவு பிரமாதமா இருந்தாலும் அதுக்கு இந்த வார்த்தை ஒட்டாது, ஏன்னா அதுல இருக்குறது அடி, ஒழுக்கு இல்ல. இன்னொண்ணும் கவனிக்கணும், நம்ம ஊர்ல ஒருத்தன் தேனொழுகப் பேசுறான்னு சொன்னா அதுக்குள்ள 'பாத்து இருந்துக்க'ன்னு ஒரு எச்சரிக்கையும் இருக்கும், இங்கிலீஷ்ல மெல்லிஃப்ளுவஸ்னா பெரும்பாலும் சுத்தமான பாராட்டு. அர்த்தம் அச்சு அசலா ஒண்ணுதான், ஆனா பொழக்கம் வேற. டிக்‌ஷனரி இந்த இடத்துல கை விட்டுடும்.

சரி, தப்பான ஜோடின்னு மூளைக்கு எப்படித் தெரியுது? 1980ல மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டுன்னு ரெண்டு மூளை ஆராய்ச்சியாளருங்க ஒரு சோதனை பண்ணாங்க. தலையில எலக்ட்ரோடு மாட்டி வாக்கியங்களை ஒவ்வொரு வார்த்தையா படிக்க விட்டாங்க. சூடான ரொட்டியில அவன் எதைத் தடவினான்ங்கிற இடத்துல வெண்ணெய்க்கு பதிலா சாக்ஸ்னு வந்தா, அந்த வார்த்தையைப் பாத்த சுமார் 400 மில்லிசெகண்டுல மூளையோட மின் அலை நெகட்டிவ் பக்கமா பெருசா ஒரு தடவை எழும்புது. அதுக்கு என்400னு பேரு. அதாவது ஒரு வார்த்தை பக்கத்துல எது வரும் எது வராதுங்கிற எதிர்பார்ப்பு படிக்கப் படிக்க உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கு. எங்க பொண்ணுக்கு பாயசம்னு எழுதும்போது எதுவும் உறுத்தல, ஏன்னா அவ அந்த வார்த்தையைத் தனியா சந்திச்சிருக்கா, அதோட சொந்தபந்தத்தோட பாத்ததே இல்ல. அதனால அர்த்தத்தை விட்டுட்டு, அது வர்ற நாலு அஞ்சு நல்ல வாக்கியத்தைத் தேடிப் படிக்கச் சொன்னேன்.

ஞாபகம் வச்சுக்க ஒரு கொக்கி வேணும்ல, அது அவளே கண்டுபுடிச்சா: மெல்லின்னு ஆரம்பிக்குது, மெல்லிசை! லத்தீனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா இந்த மாதிரி தாய்மொழி ஓசையில மாட்டி வைக்கிறது நல்லா வேலை செய்யும். 1975ல அட்கின்சன், ராவ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 120 ரஷ்ய வார்த்தைகளை வச்சு பாத்ததுல, இப்படி மாட்டிப் படிச்சவங்களுக்கு 72 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, மத்தவங்களுக்கு 46 தான்.

ஆனா கொக்கியும் கழண்டுடும். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குறோம்னு அளந்து 1885ல புத்தகமாப் போட்டாரு, முதல் ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல காலி, அப்புறம் தான் மெதுவா கொறையுது. இதைச் சொன்னதும் பொண்ணு "அப்ப தெனம் பத்து தடவை படிக்கணுமா?"ன்னா. திண்ணையில உக்காந்திருந்த எங்கப்பா சொன்னாரு, "வயல்ல எந்நேரமும் தண்ணி தேங்கி நின்னா பயிர் நல்லா தூர் கட்டாதும்மா, காய்ச்சலும் பாய்ச்சலுமா விடணும்."

அது அப்படியே பொருந்துது. நெல்லுக்குக் கட்டுன தண்ணியை வடிய விட்டு, மண்ணு லேசா வெடிப்பு விடுறப்போ மறுபடி பாய்ச்சுவோம், அந்தக் காய்ச்சல்ல தான் வேர் தண்ணியைத் தேடிக் கீழ எறங்குது. வார்த்தையும் கொஞ்சம் மறக்குற நெலமைக்குப் போகணும், அப்ப புத்தகத்தைப் பாக்காம உள்ளேர்ந்து இழுத்து எடுக்கணும், அந்தக் கஷ்டம் தான் அதை ஆழமா ஊன வைக்குது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க இதைக் காட்டிட்டாங்க: ஒரு பாடத்தை ரெண்டு தடவை படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முந்துனாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு அவங்களுக்கு 42 சதவீதம், ஒரு தடவை படிச்சுட்டு அடுத்து பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்கு 56. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மடமடன்னு படிக்கிறது ஏன் அன்னிக்கு மட்டும் நல்லா இருக்குற மாதிரி தெரியுதுன்னு இதுல புரியும்.

அதனால நோட்டை மூடி வச்சுட்டு ஒரு நாள் விட்டு, அப்புறம் மூணு நாள், அப்புறம் ஒரு வாரம்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போன்ல கேட்டேன். ரெண்டாவது தடவை திணறுனா, "மெல்லி... மெல்லிசை... ஆங், தேன்"னு பத்து செகண்ட் ஆச்சு, நான் எடுத்துக் குடுக்கல. நேத்து நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவளே ஒரு மெசேஜ் போட்டா, திருவாரூர் கோயில்ல சாயங்காலம் தேவாரம் பாடுன ஓதுவாரோட குரல் மெல்லிஃப்ளுவஸா இருந்துச்சுன்னு இங்கிலீஷ்ல ஒரு முழு வாக்கியம், கீழ தமிழ்ல "பாயசம் இல்ல மாமா, குரல்".