குந்துகால் கரையில் கொழும்பின் குரல்

மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேள்வி அனுப்பியிருக்கிறார். ஜூலை மாத விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) வானொலிப் போட்டியின்போது, ஹாம் எனும் பொழுதுபோக்கு வானொலி உரிமம் பெற்ற தம் தாய்மாமாவுடன் ஞாயிறு இரவு எட்டரை மணியளவில் பாம்பன் தீவின் குந்துகால் கரையில் நின்றிருந்தாராம். மாமாவின் வாக்கிடாக்கியில், இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்திருந்தபோது, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் தன் அழைப்புக்குறியையும் “மைக் ஜூலியட் நைன் சிக்ஸ்” என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அது கொழும்பு, ஏறத்தாழ 270 கி.மீ. தூரம். ஒரு சாண் ஆன்டெனாவுக்கு இது எப்படி எட்டியது என்பதே கேள்வி.

போட்டியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. கிடைத்த நேரத்திற்குள் எத்தனை நிலையங்களுடன், எத்தனை கட்டங்களுடன் பேசினோம் என்பதே மதிப்பெண். உலக வரைபடத்தைத் தீர்க்கரேகையில் 2 பாகை, அட்சரேகையில் 1 பாகை கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். இராமேசுவரம், மண்டபம், இராமநாதபுரம் மூன்றும் எம்ஜே99, கொழும்பு எம்ஜே96. “மைக் ஜூலியட்” என்பது எம், ஜே எழுத்துகளை வானொலியில் சொல்லும் முறை. இந்தியாவில் ஹாம்களுக்கு இந்த அலைவரிசையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இடமுண்டு. சிற்றலைப் போட்டிகளில் ஒற்றைப் பக்கப்பட்டை என்ற வேறு முறையில் அனுப்பும் குரல் எஃப்எம் வாக்கிடாக்கிக்குப் புரியாது என்பதால், கையடக்கக் கருவி வைத்திருப்பவருக்கு வாய்த்தது விஎச்எஃப் போட்டியே.

விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த ஆன்டெனாவுக்கு வானொலி அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, சுமார் 5 கி.மீ.; எதிர்க்கரையில் 30 மீட்டர் கம்பம் இருந்தால் அதற்கு 23 கி.மீ. இரண்டையும் கூட்டினாலும் முப்பதைத் தொடவில்லை. மீதி 240 கி.மீ. தூரத்தைக் காற்றுதான் கடத்தியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்னாகவும் மறுபக்கம் எதிர்மின்னாகவும் இருக்கிறது. வானொலி அலை கடக்கும்போது, அதன் மின்புலம் நொடிக்குப் பதினான்கரைக் கோடி முறை திசை மாறி மீள்கிறது; அத்தனை முறையும் ஈரக்காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் அந்தப் புலத்தின் பக்கமாகச் சற்றே சாய்ந்துகொடுக்கின்றன. அவ்வாறு சாயும் மூலக்கூறுகள் அலையைத் தாமதப்படுத்துகின்றன. ஒளியின் புலமோ இதைவிடப் பல லட்சம் மடங்கு வேகமாக மாறுவதால், உடலைத் திருப்ப மூலக்கூறுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. கண்ணுக்குத் தெளிந்த வெறுங்காற்றாகத் தெரிவது வானொலி அலைக்குக் கனத்த கண்ணாடியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இனிக் கணக்கு. காற்றின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிட மிகச் சிறிதளவே அதிகம். அந்த உபரியைப் பத்து லட்சத்தால் பெருக்கி, 380 என்பது போன்ற ஓர் எண்ணால் குறிப்பது வழக்கம். உயரே போகப் போக இந்த எண் குறைவதால் அலை தரைப்பக்கம் வளைகிறது. சாதாரண நாளில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 40 அளவுக்குக் குறையும். அதுவே 157 குறைந்தால், அலையின் வளைவும் பூமியின் வளைவும் ஒன்றாகிவிடும். (பத்து லட்சத்தைப் பூமியின் ஆரமான 6,371 கி.மீ.ஆல் வகுத்துப் பாருங்கள். பள்ளியில் இதை யாரும் எனக்குக் காட்டவில்லையே என்று இன்றும் குறைப்படுகிறேன்.) அதையும் தாண்டிக் குறைந்தால், அலை கடலை நோக்கி வளைந்து, நீரில் பட்டுத் தெறித்து, மீண்டும் வளைந்து, ஒரு குழாய்க்குள் போவதுபோலப் போகிறது.

நம் கடற்கரையில் இந்தக் குழாயைக் கட்டுவது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, வறண்ட நிலத்தின் மேல் சூடேறி, மன்னார் வளைகுடாவின் மேல் பரவும் அக்காற்றுக்கு அடியில், கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்று தங்கிவிடுகிறது. நூறு மீட்டர் உயரத்துக்குள் நீராவி அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், அதனால் மட்டுமே அந்த எண் சுமார் 40 குறையும், கிலோமீட்டருக்கு 157 என்ற கணக்கில் நூறு மீட்டருக்குத் தேவையோ 16தான். ஆனால் இரண்டு மீட்டர் அலைநீளத்தைச் சிறைப்பிடிக்க, குழாயின் தடிமன் ஏறத்தாழ 200 மீட்டராவது இருக்க வேண்டும். கடற்பரப்பில் எப்போதும் இருக்கும் மெல்லிய ஆவிப்படலம் இதற்குப் போதாது. குந்துகாலிலிருந்து கொழும்புக்கு இழுக்கும் கோடு ஏறக்குறைய முழுவதும் கடல்மேலேயே செல்வதும் அந்த மாணவியின் நல்வாய்ப்பு.

இதுபோன்ற குழாய் போட்டியில்லாத இரவுகளிலும் அமைந்திருக்கலாம். இரு முனையிலும் பேச ஆளில்லாததால் நமக்குத் தெரிவதில்லை. வானிலை பலூன் நொடிக்கு 5 மீட்டர் ஏறுவதால், நமக்கு வேண்டிய அந்த 200 மீட்டரை நாற்பதே நொடிகளில் தாண்டிவிடுகிறது. கயிற்றில் கட்டிய ஒரு பலூன், நான்கைந்து ஈரப்பதமானிகள், இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை, இவ்வளவும் இருந்தால் ஒரு கோடைப்பருவம் முழுவதையும் அளந்துவிடலாம். பெரிய கருவிகளுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இத்தகைய சிறு வேலைகளுக்குக் கை விரிப்பது எனக்கு விளங்கவில்லை. அதுவரை, நேரமும் கட்ட எண்ணும் குறித்த போட்டிப் பதிவேடுகளே நமக்குக் கிடைக்கும் அளவீடு.

கேட்க விரும்புவோர், உரிமம் உள்ள ஒருவருடன் கச்சான் தணிந்த இரவில் தென்கரைக்குச் செல்லலாம். ஸ்குவெல்ச்சைத் திறந்துவைத்து, ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்து, உடம்பால் அதை மறைக்காமல் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். காற்று வலுத்து அடுக்குகள் கலந்துவிட்டால், பேசிக்கொண்டிருந்த குரல் பாதி எண்ணிலேயே இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும்.